வாசர் தீர்ந்த நாள்

பிள்ளைகளே, புதிதாகப் பொறுப்பெடுத்திருக்கிறீர்கள். செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வருமா என்று என்னைக் கேட்காதீர்கள். வரும். வந்தால் உங்கள் தலையில்தான் விழும். இயந்திரத்தை வாங்கியாயிற்று, அதை யாரும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. பழமும் சர்க்கரையும் இல்லாமல் சரக்கே இல்லை, அதிலும் கைவைக்க முடியாது. கடைசியில் எல்லோர் கண்ணும் போய் நிற்பது சில்லறைச் சாமான்கள் மேல்தான். சோப்பு, வடிகட்டும் துணி, விறகு, வைக்கோல், பசை, ஆணி என்று வேலை நடக்க நடக்கத் தீர்ந்துபோகிற சாமான்கள். அவை எப்படித் தீர்கின்றன என்று மட்டும் எந்த மேலிடமும் எட்டிப் பார்க்காது.

நான் கொடைக்கானலில் ஒரு பழக் கம்பெனியில் பாட்டில் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். ஊரில் அதை ‘ஜாம் கம்பெனி’ என்பார்கள். ஜாம் கொஞ்சம்தான் போட்டோம். பேரிக்காயைத் தோல் சீவி, இரண்டாக வகிர்ந்து, சர்க்கரைப் பாகில் இட்டு பாட்டிலில் அடைத்து விற்பதுதான் பெரிய வேலை. கூடத்தில் எல்லோரும் பெண்கள். பாதிப் பேர் வட்டக்கானல் பக்கத்திலிருந்து நடந்து வருவார்கள். என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள். நான் ஒருநாளும் டீச்சராக இருந்ததில்லை. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தேன், சத்தம் போட்டுப் பேசினேன், அது போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். முதலாளி உட்பட எல்லோருக்கும் நான் டீச்சரம்மாதான்.

முதலாளி வத்தலக்குண்டு ராவுத்தர். கீழே மண்டி, மேலே பஜாரில் ஒரு கடை, அதற்கும் மேலே இந்தக் கம்பெனி. குரலை உயர்த்தாதவர். அதனால்தான் அவரிடம் எனக்குப் பயம் அதிகம், கத்துகிற மனிதரிடம் திருப்பிக் கத்திவிடலாம். அந்த வருஷம் பேரிக்காய் சீசன் தொடங்குமுன் என்னை அழைத்து உட்காரச் சொன்னார்.

“டீச்சரம்மா, பாட்டில் கூடத்துச் சில்லறைச் செலவு எனக்குக் கட்டுப்படியாகல. இந்த சீசன் பாப்பேன். குறையலைன்னா கூடத்தை மூடிட்டு, பழத்தை அப்படியே லாரியில ஏத்திக் கீழ இறக்கிருவேன். மண்டியில வித்தாப் போதும். உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்ல.”

வருத்தம் இல்லையாம்! நாற்பது பெண்களுக்கு அந்தச் சில மாதக் கூலியை விட்டால் மலையில் வேறென்ன இருக்கிறது? பூண்டிப் பக்கம் பூண்டு வயலுக்குப் போகலாம், அங்கேயும் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. எனக்கும் அதுதான் சோறு.

முதலில் எளிதான இடத்தில் கைவைத்தேன். வடிகட்டும் துணி அளவுக்கு மீறிச் செலவாகிக்கொண்டிருந்தது. கீழ்நாட்டுக் கணக்கில் ஒரு துணியை இன்று துவைத்தால் நாளைக்குக் கட்டலாம். எங்கள் ஊர் மூடுபனியில் கொடியில் போட்ட துணி அடுத்த நாளும் ஈரமாகத்தான் தொங்கும், மூன்றாம் நாள் புளித்த வாடை அடிக்கும், அப்புறம் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பாய்லர் அறையின் மேற்கூரைக்குக் கீழே கம்பி இழுத்து அங்கே காயப்போட வைத்தேன். துணிச் செலவு சட்டென்று இறங்கிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை, இவ்வளவுதானா வித்தை என்று நினைத்துவிட்டேன்.

அடுத்தது வாசர். பாட்டில் வாய்க்கும் மூடிக்கும் நடுவே போடுகிற சிவப்பு ரப்பர் வளையத்தைத்தான் வாசர் என்போம். அது சரியாக உட்கார்ந்தால் காற்று புகாது, பழம் வருஷக்கணக்கில் நிற்கும். கொஞ்சம் வெடிப்பு இருந்தால் பழம் நுரைத்துப் போகும். ஒரு தடவை வெந்நீரில் இறங்கி ஏறினால் அந்த வாசரின் ஆயுள் முடிந்தது. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் மேலே வரவேண்டிய சாமான். சில்லறைச் சாமான்களிலேயே விலை கூடியது அதுதான்.

மூடுகிற பாட்டிலுக்கு ஒன்று என்று எண்ணிக் கொடுப்போம், நடுவில் வெடித்ததற்கு மேற்கொண்டு கேட்டு வாங்குவதில்தான் செலவு ஏறியது. அதற்கு வழி சொன்னவர் எங்கள் ஸ்டோர்க்காரர். பரம யோக்கியர். ஊசி முனையளவு கம்பெனிச் சாமானைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனிதர். அவர் யோக்கியதையே எங்களுக்கு வினையாக வந்தது. “வாசர் கெட்டுப்போச்சுன்னு வாயால சொன்னா எப்படி நம்புறது? கெட்டதைக் கொண்டாந்து காட்டட்டும், அப்பப் புதுசு தர்றேன்” என்றார். நியாயமாகத்தான் பட்டது. நானும் தலையாட்டினேன். முதலாளி இன்னும் ஒருபடி மேலே போனார். கம்பெனிச் சாமான் யார் கையில் பிடிபட்டாலும் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவதாகக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு வாசர் செலவு ஏறியது. குறையவில்லை, ஏறியது! ஸ்டோர்க்காரர் கெட்ட வாசர்த் துண்டுகளை ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார். பெட்டி நிறைந்துகொண்டே வந்தது. ரப்பர் மட்டம் என்று மதுரைக்காரனைத் திட்டினோம். பாகின் சூடு அதிகம் என்று அடுப்புக்காரியைத் திட்டினேன். எரிச்சலில் அந்த மாதம் நான் திட்டாத ஆள் இல்லை.

பிறகு ஆவணியில் ஒரு பேய் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பாறையோடு ரோட்டில் விழுந்துவிட்டது. அதற்கு முந்தைய நாள்தான் முதலாளி ஜீப்பில் மேலே வந்திருந்தார். கூடத்தை மூடுவதா வைப்பதா என்று முடிவு சொல்ல வந்தவர். கூடவே ஒரு லாரியும் வந்திருந்தது, பழத்தை அப்படியே ஏற்றிப் போய் மண்டியில் விற்றுப் பார்க்க. காலையில் லாரிக்காரன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான்.

“முதலாளி, ரோடு போச்சு! பாறை குறுக்க கெடக்கு. கீழ இருந்து வந்த பஸ்ஸு அந்தப் பக்கமே நிக்கிதாம். இன்னைக்கு நாளைக்கு வண்டி இறங்காதுங்க.”

“ஏலே, லாரியில பழம் ஏத்தியாச்சா?”

“ராத்திரியே ஏத்தியாச்சுங்க.”

பேரிக்காய் காத்திருக்கிற பழம் இல்லை. மூட்டைக்குள் இறுகி, ஈரத்தில் கிடந்தால் உள்ளே கனிந்து கறுத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதற்குள் பொதிக் குதிரைகளில் வேறு பழம் வந்துகொண்டே இருந்தது. மழை வந்தது என்று மரம் காய்ப்பதை நிறுத்துமா?

“டீச்சரம்மா, லாரியில இருக்கறதையும் இறக்கிருங்க. எல்லாத்தையும் பாட்டில்ல போட முடியுமா?” என்று கேட்டார். மூடப் போகிற கூடத்திடம் உதவி கேட்கிறோம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். முகத்தில் காட்டவில்லை.

முடியும் என்றேன். பெண்கள் மழையில் நனைந்துகொண்டு வெள்ளனே வந்துவிட்டிருந்தார்கள். சீவும் மேஜையில் ஒரு வரிசை, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு வரிசை, பாகில் ஒரு வரிசை, மூடும் மேஜையில் ஒரு வரிசை. அன்றைக்கு அவர்கள் வேலை செய்த வேகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜை மேஜையாக நடந்தார்.

மத்தியானத்துக்கு முன்னால் ஸ்டோர்க்காரர் என்னிடம் வந்து காதோடு சொன்னார். “வாசர் தீர்ந்துபோச்சுங்க. புதுப் பார்சல் அந்த பஸ்ஸுல இருக்கு.”

எந்த பஸ் என்று கேட்கத் தேவையில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் நின்ற பஸ். தொட்டி நிறையச் சீவின பேரிக்காய், அண்டா நிறையக் கொதிக்கிற பாகு, மூடுவதற்கு வாசர் இல்லை. உப்புத் தண்ணீரிலேயே கிடந்தால் பழம் உப்புக் கரித்துவிடும், வெளியே எடுத்தால் கறுத்துவிடும். இவ்வளவையும் குப்பையில் கொட்டுவதை முதலாளி தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போனால், அவர் அப்புறம் எதற்காகவும் மறுபடி யோசிக்கப் போவதில்லை.

முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் மூடும் மேஜைகளில் கடைசியில் இருந்த பேச்சியம்மாளைப் பார்த்தேன். வட்டக்கானலிலிருந்து வருகிறவள். புருஷன் மரம் வெட்டப்போன இடத்தில் கால் ஒடிந்து வீட்டில் கிடந்தான். அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. அவள் கை ஒரு பாட்டிலை மூடிக்கொண்டிருந்தது. மூடிக்கு அடியில் புத்தம் புதிய சிவப்பு வாசர். பக்கத்து மேஜைகளெல்லாம் நின்றுபோயிருக்க, இவள் மேஜை மட்டும் நடந்தது. நான் பார்ப்பதைப் பார்த்தவுடன் கம்பளி ஸ்வெட்டரின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் கூடத்தில் பாட்டில் கணக்குக்குத்தான் கூலி. மறுநாள் காலையில் மூடியைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்போம். மூடி கையோடு வந்துவிட்டால் அந்த பாட்டில் அவள் கணக்கில் சேராது. நடுவில் ஒரு வாசர் வெடித்தால், ஈரக்கையோடு ஸ்டோர் ஜன்னலுக்குப் போய், துண்டைக் காட்டி, அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, புதியதை எடுத்துக் கொடுப்பதற்குள் பக்கத்து மேஜைக்காரி எத்தனையோ பாட்டில் மூடியிருப்பாள். அவர் சாப்பிடப் போயிருந்தால் ஜன்னலே மூடிக் கிடக்கும். அதனால் ஒவ்வொருத்தியும் ஆத்திர அவசரத்துக்கு என்று இரண்டைக் கைவசம் வைக்கத் தொடங்கியிருக்கிறாள், பயம் கூடக் கூட இரண்டு கைநிறைய ஆகியிருக்கிறது. எப்படிச் சேர்த்தார்கள் என்பதும் விளங்கியது. கெட்ட வாசர் ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி, இன்றைக்கு ஒரு துண்டு, நாளைக்கு ஒரு துண்டு என்று ஜன்னலில் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு புது வாசர்! எங்கள் யோக்கியர் அந்தத் துண்டுகளைத்தான் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்.

ஆக, வாசர் எங்கேயும் போகவில்லை. இதே கூடத்துக்குள்தான் இருந்தது. யாரும் வெளியே எடுக்கத்தான் முடியாது. எடுத்தால் திருட்டு. பிடிபட்டவளை அன்றைக்கே அனுப்புகிறேன் என்று சொன்ன மனிதர் அவள் முதுகுக்குப் பின்னால் கைகட்டி நிற்கிறார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ‘இது ஏது உனக்கு?’ என்று நான் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு எனக்கு உரிமை இருந்தது. நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. கேட்டிருந்தால் பேச்சியம்மாள் போயிருப்பாள், மற்ற எல்லோரும் ஸ்வெட்டர் கையை இன்னும் இறுக்கி இழுத்துவிட்டிருப்பார்கள், பழம் குப்பைக்குப் போயிருக்கும், கூடமும் அதன் பின்னாலேயே போயிருக்கும். உண்மை என் பக்கம் இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாகில் போட்டு அடைக்கவா?

நான் மேஜையைத் தட்டினேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே.

“எல்லாரும் இங்க கேளுங்க! ஸ்டோர்ல இடம் பத்தலைன்னு ஆளாளுக்கு வாசர் கொடுத்து வச்சேனில்ல, பத்திரமா வச்சுக்கங்க, கேக்கறப்ப எடுங்கன்னு சொன்னேனில்ல? இப்பக் கேக்கறேன். எடுங்க. வெரசா!”

பாகு கொதிப்பது மட்டும் கேட்டது. முதலாளி என்னைப் பார்த்தார். ஸ்டோர்க்காரர் வாயைத் திறந்தார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அந்த நேரம் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்பதைச் சொல்லத் தெரியவில்லை. ஒருத்தியும் நம்பவில்லை என்றால்? இது அவர்களைப் பிடிக்க நான் விரித்த வலை என்று நினைத்தால்? ஒரு மாதமாக எல்லோரையும் திட்டித் தீர்த்தவள்தானே நான்.

பேச்சியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல ஸ்வெட்டர் கையை முழங்கை வரை ஏற்றினாள். கையில் வரிசையாகச் சிவப்பு வாசர்கள், வளைகாப்புக்குப் போட்ட வளையல் மாதிரி. ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“நீங்க கொடுத்தது அம்புட்டும் அப்படியேதான் இருக்கு டீச்சர். ஒண்ணும் கொறையல” என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த மேஜையில் ஒரு ஸ்வெட்டர் கை ஏறியது. அதற்கடுத்த மேஜையில் ஒருத்தி கொண்டையை அவிழ்த்தாள், கொண்டையைச் சுற்றி வாசர். ஒருத்தி சோற்றுத் தூக்குச் சட்டியைத் திறந்தாள். ஒருத்தி மேஜைக்கு அடியில் குனிந்து மரச்சட்டத்தின் இடுக்கிலிருந்து கொத்தாக உருவினாள். ஒருத்தி, “டீச்சர், நீங்க கொடுத்ததை விறகுக் கொட்டாயில வச்சிருக்கேன், எடுத்துட்டு வந்துரட்டுமா?” என்று கேட்டுவிட்டு மழையில் ஓடினாள். யாரோ ஒருத்தி சிரித்தாள். அது பரவிக் கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது, பாகு ஆவி என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

மேஜை நடுவில் குவிந்த குவியலைப் பார்த்து ஸ்டோர்க்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாவம், அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு வந்த பழம் முழுவதையும் மூடினோம். விளக்கு வைக்கிற நேரத்தில் லாரிக்காரன்கூடக் கைகால் கழுவிவிட்டு பாட்டில் துடைத்துக்கொண்டிருந்தான்.

வேலை முடிந்ததும் முதலாளி என்னை ஸ்டோர் அறைக்குக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. உள்ளே போய் நின்றோம். நாலு சுவரும், ஒரு தகரப் பெட்டியும், இரண்டு சோப்புப் பெட்டியும். மிச்சமெல்லாம் வெறும் பலகை. ஒரு குடும்பமே குடியிருக்கலாம், அவ்வளவு இடம்.

அவர் சுற்றிலும் நிதானமாகப் பார்த்தார்.

“இடம் பத்தலையோ, டீச்சரம்மா?”

நான் தகரப் பெட்டியைப் பார்த்தேன்.

“பொண்ணுங்ககிட்டக் கொடுத்து வச்சேன்னு சொன்னீங்களே. எப்பக் கொடுத்தீங்க?”

பொய்யை இன்னொரு பொய்யால் முட்டுக் கொடுக்க எனக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை. “இப்பத்தான் முதலாளி” என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு தாடியைத் தடவிக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்து, வெளியே மழையைப் பார்த்தபடி சொன்னார். “லாரியில இருந்திருந்தா இன்னைக்கு அம்புட்டும் சேறாப் போயிருக்கும். ரோடு எப்பத் தெறக்குமோ தெரியாது. பாட்டில்னா காத்துக் கெடக்கும். கூடம் நடக்கட்டும். வாசருக்கு என்ன செய்யணுமோ அதை நீங்களே செஞ்சுக்கங்க. என்கிட்ட வராதீங்க.”

அறைக்கு வெளியே வந்து விறகுக் கொட்டாய்ச் சுவரில் சாய்ந்துகொண்டேன். மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது. மாதக்கணக்கில் அப்படி மூச்சு விட்டிருக்கவில்லை. வேண்டிக்கொண்ட தெய்வங்களுக்கெல்லாம் கும்பிடு போட்டேன்.

செலவைக் குறைக்கும் வழி என்று உங்களுக்கு யார் யாரோ பாடம் நடத்துவார்கள். நடத்தட்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு சாமான் அளவுக்கு மீறித் தீர்கிறது என்றால், அதைக் கையாளுகிறவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். பூட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் ஸ்டோர் ஜன்னலை மூடச் சொன்னேன். மிஞ்சின வாசர்களை மூடி இல்லாத ஒரு மரப்பெட்டியில் கொட்டி, மூடும் மேஜைகளுக்கு நடுவே வைத்தேன். யாரிடமும் கேட்க வேண்டாம், துண்டைக் காட்ட வேண்டாம், வேண்டுமென்கிறபோது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஸ்டோர்க்காரர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பின பிறகு பேச்சியம்மாள் மட்டும் கதவருகே நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் இன்னும் கொஞ்சம் வாசர் இருந்தது.

“டீச்சர், இது வீட்டுல கெடந்துச்சு. நேத்து நினைவு வரல.”

“சரி, வச்சுக்க. யாரும் கேக்கப் போறதில்ல.”

அவள் கையிலிருந்ததைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

“நாளைக்கு வேணும்னா இதுலயே எடுத்துக்கலாம்ல?”

“எடுத்துக்கலாம்.”

“நாளான்னைக்கும்?”

“எப்பவும்.”

“அப்புறம் எதுக்கு நான் இதைக் கட்டிச் சொமக்குறேன்” என்று சொல்லி, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.